எந்த லினக்ஸ் என்பதற்கு முன், எந்த ஆவணம்?

கோவிலை ஒட்டிய தமிழ் வகுப்புக்கோ சங்கக் கட்டடத்துக்கோ நன்கொடையாக வந்த எட்டுப் பத்துப் பழைய கணினிகளைக் கொண்டு ஓர் அறை அமைக்க நினைக்கும் மொரீஷியஸ் தமிழர்கள் முதலில் கேட்பது, "டெபியன் போடலாமா, உபுண்டு போடலாமா?" என்றுதான். இரண்டுமே நல்ல லினக்ஸ் இயங்குதளங்கள். இரண்டிலும் லிப்ரே ஆபிஸ் ஓடும், தமிழ்த் தட்டச்சு வரும். வேறுபாடு தெரிவது, சனிக்கிழமை வகுப்பு தொடங்கும் நேரத்தில் ஏதாவது ஒன்று மக்கர் பண்ணும்போது. அப்போது பொறுப்பில் இருப்பவர் எதைத் திறந்து படிப்பார், அதில் எழுதியிருப்பது எதிரே உள்ள கணினிக்குப் பொருந்துமா என்பதைப் பொறுத்துத்தான் அந்த அறை ஓடும், அல்லது பூட்டிக் கிடக்கும். ஆகவே ஆவணத்தை முதலில் தேர்ந்தெடுங்கள். இயங்குதளம் அதைத் தொடர்ந்து வரட்டும்.

கட்டற்ற மென்பொருளுக்கான வழிகாட்டிகளில் பெரும்பகுதி, சம்பளம் வாங்காத பயனர்கள் எழுதியவை. கிட்ஹப் நிறுவனம் 2017இல் நடத்திய கருத்தாய்வில், அரைகுறையான, குழப்பமான ஆவணங்களைச் சந்தித்ததாகச் சொன்னவர்கள் 93 விழுக்காடு. பங்களிப்பாளர்களில் 60 விழுக்காட்டினர் ஆவணப் பணிக்குக் கை கொடுப்பது அரிது, அல்லது கொடுப்பதே இல்லை என்றார்கள். இதை வைத்து, ஊரார் எழுதியது எதையும் நம்பக்கூடாது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஊரார் எழுதியதிலேயே உலகம் முழுக்க நம்பிச் சாய்ந்திருக்கும் ஆவணங்களும் உண்டு.

நம் தீவின் நேரத்தையே எடுத்துக்கொள்வோம். லினக்ஸ் கணினிகள் மணி பார்ப்பது நேர மண்டலத் தரவுத்தளத்தை வைத்து. தன்னார்வலர்கள் தொகுத்த அது 2011 முதல், இணையப் பெயர்களையும் எண்களையும் நிர்வகிக்கும் ஐயானா அமைப்பின் கீழ் வெளியாகிறது. மொரீஷியஸ் உலகப் பொது நேரத்துக்கு 4 மணி நேரம் முன்னால் இருக்கிறது. 2008 அக்டோபர் 26 அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி, 2009 மார்ச் 29 அன்று பழையபடி திருப்பி வைத்தோம். அதன்பின் அந்தக் கோடை நேரம் தொடரவில்லை. 1982-83லும் ஒரு முறை இப்படி நடந்தது. இவ்வளவும் அந்தத் தரவுத்தளத்தில் உள்ளன. முக்கியமான விஷயம், ஒவ்வொரு மாற்றத்தையும் தெரிவித்தவர் யார், எந்த அறிவிப்பை வைத்து என்ற குறிப்புகளும் அதே கோப்பில் உள்ளன. ஐயம் இருந்தால் ஸீடம்ப் கட்டளையை இந்தியன்/மொரீஷியஸ் மண்டலத்துக்கு ஓட்டிப் பார்க்கலாம். மாற்றம் நடந்த நொடி வரை திரையில் வந்து நிற்கும். சொல்வதற்கு ஆதாரம் பக்கத்திலேயே இருக்கிறது, நம் கணினியிலேயே சோதிக்கவும் முடிகிறது. கீழே வரும் ஒவ்வொரு தெரிவையும் இந்த அளவுகோலால்தான் அளக்க வேண்டும்.

கணினியோடு வரும் ஆவணம்

மேன் பக்கங்கள் என்ற பழைய கையேடுகளைப் பலர் திறந்தே பார்ப்பதில்லை. டெபியனில் அவற்றுக்கு ஒரு பெரிய பலம் உண்டு: நிறுவிய மென்பொருளும் அதன் மேன் பக்கமும் ஒரே பொதியில் (நிறுவுவதற்கான மென்பொருள் கட்டில்) வருகின்றன. பதிப்பு மாறினால் பக்கமும் கூடவே மாறும். மேன் பக்கம் இல்லாத கட்டளையை டெபியன் கொள்கை விதி பிழையாகவே கருதுகிறது. யுஎஸ்ஆர் அடைவின் ஷேர் உள்ளடைவில் டாக் என்று ஒன்று இருக்கும். அங்கே ஒவ்வொரு பொதிக்கும் தனி அடைவு. அதில் 'ரீட்மீ.டெபியன்' என்ற கோப்பு இருந்தால் அதை முதலில் படியுங்கள். மூல மென்பொருளிலிருந்து டெபியன் எதை மாற்றி அமைத்திருக்கிறது என்பதைச் சொல்லும் இடம் அது. இதைப் படித்திருந்தால் இணையத்தில் அரை நாள் தேடவேண்டிய தேவை பல நேரம் வராது.

பள்ளியில் ஆங்கிலம், செய்தித்தாளில் பிரெஞ்சு, வீட்டில் கிரியோல் என்று வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு 'மேன்பேஜஸ்-எஃப்ஆர்' பொதி மிகவும் உதவும். இந்தப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு நடக்கும் முறையே அதன் நம்பகத்துக்குக் காரணம். போ4ஏ என்ற கருவி மூலப் பக்கத்தைப் பத்தி பத்தியாகப் பிரிக்கிறது. ஆங்கில மூலத்தில் ஒரு பத்தி மாறிவிட்டால், பழைய பிரெஞ்சுப் பத்தி தானாக விலகி, புதிய ஆங்கிலப் பத்தி அந்த இடத்துக்கு வரும். இயல்பமைப்பின்படி 80 விழுக்காட்டுக்குக் கீழே மொழிபெயர்ப்பு இறங்கிவிட்டால் பக்கமே வெளிவராது. நடுவில் ஆங்கிலம் எட்டிப்பார்ப்பதைக் குறை என்று நினைக்காதீர்கள். காலாவதியான பத்தி புதியதைப் போல நடிக்க முடியாதபடி செய்திருக்கிறார்கள். விக்கி மொழிபெயர்ப்புகளில் இந்தக் காப்பு இல்லை. அங்கே ஆங்கிலப் பக்கம் பத்து முறை மாறியிருந்தாலும் பிரெஞ்சுப் பக்கம் பழையபடியே நிற்கக்கூடும்.

மேன் பக்கத்தின் பலவீனமும் தெளிவானது. இந்த விருப்பம் என்ன செய்யும் என்று சொல்லும். நம் வேலைக்கு எந்த விருப்பம் வேண்டும் என்று சொல்லாது. அச்சுப்பொறியை அறை முழுவதற்கும் பகிர்வது எப்படி என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை.

ஆர்ச் விக்கி

பயனர்கள் எழுதிய ஆவணங்களில் தரத்துக்கு முதலிடம் கேட்டால் தயங்காமல் ஆர்ச் விக்கியைச் சொல்லலாம். ஆர்ச் என்பதும் ஒரு லினக்ஸ் இயங்குதளம்தான்; அதைப் பயன்படுத்தாதவர்களும் அங்கேதான் போய் நிற்கிறார்கள். காரணம், அது கட்டளையோடு காரணத்தையும் சொல்கிறது: எந்தக் கோப்பில் எந்த வரி, அதைப் படிக்கும் நிரல் எது, பிழை வந்தால் எந்தப் பதிவேட்டில் பார்ப்பது. ஐயமான பகுதியின் தலையிலேயே 'காலாவதியானது', 'துல்லியம் ஐயத்துக்குரியது' என்று பட்டை ஒட்டியிருப்பார்கள். பேச்சுப் பக்கத்தைத் திறந்தால் அந்தப் பட்டைக்கான வாதமும் கிடைக்கும்.

ஆனால் ஆர்ச் தொடர் வெளியீட்டு இயங்குதளம். விக்கி விவரிப்பது இன்றைய பதிப்பை. டெபியன் நிலைப் பதிப்பில் இருப்பது ஓரிரு ஆண்டு பழைய மென்பொருள். இந்த இடைவெளியில் விழுபவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியான குழிகளில் விழுகிறார்கள். தொலைவிலிருந்து நுழையும் எஸ்எஸ்எச் சேவையின் பெயர் ஆர்ச்சில் 'எஸ்எஸ்எச்டி', டெபியனில் 'எஸ்எஸ்எச்'. நிர்வாகிகள் குழு அங்கே 'வீல்', இங்கே 'சூடோ'. அப்பாச்சி என்ற இணைய வழங்கியின் அமைப்புக் கோப்புகள் அங்கே 'எச்டிடிபிடி' அடைவில், இங்கே 'அப்பாச்சி2' அடைவில், தளங்களுக்கென்று தனி உள்ளடைவுகளோடு. இவற்றில் தவறினால் பிழைச்செய்தி வரும், திருத்திக்கொள்ளலாம். பிழைச்செய்தி வராத வேறுபாடுதான் ஆபத்து. ஆர்ச்சில் ஒரு சேவையை நிறுவினால், நாம் இயக்கும் வரை அது ஓடாது. டெபியனில் நிறுவி முடித்ததுமே ஓடத் தொடங்கிவிடும். 'நிறுவுக, பின் அமைப்புகளைச் சரிசெய்க, பின் இயக்குக' என்று விக்கி சொல்லும் வரிசையை டெபியனில் அப்படியே பின்பற்றினால், அமைப்புகளைச் சரிசெய்யும் நேரம் முழுவதும் அந்தச் சேவை திறந்த கதவோடு ஓடிக்கொண்டிருக்கும்.

ஆர்ச் விக்கியிலிருந்து காரணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பொதிப் பெயர், கோப்புப் பாதை, சேவைப் பெயர் மூன்றையும் உங்கள் கணினியில் சரிபார்த்த பிறகே விசைப்பலகையில் கை வையுங்கள்.

பிரெஞ்சு உபுண்டு ஆவணம்

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இருப்பவர்களுக்கு இல்லாத ஒரு வாய்ப்பு, மொரீஷியஸிலும் ரெயூனியனிலும் உள்ள தமிழர்களுக்கு உண்டு. பிரெஞ்சு பேசும் உபுண்டு பயனர்கள் தாங்களே எழுதிவரும் விக்கி அது. ஆங்கிலத்திலிருந்து பெயர்த்தது இல்லை. பிரெஞ்சிலேயே புதிதாக எழுதியது. பக்கத்தின் தொடக்கத்திலேயே எந்தெந்த உபுண்டு வெளியீடுகளுக்கு அது பொருந்தும் என்று குறியிட்டிருப்பார்கள். இந்தச் சிறு குறி மற்ற விக்கிகளில் பெரும்பாலும் இல்லாத ஒன்று. 'ட்ரஸ்டி' என்ற குறியோடு நின்றுபோன பக்கம் 2014 வெளியீட்டைச் சொல்கிறது, அதை 24.04 கணினியில் ஓட்டக்கூடாது என்பது பார்த்ததுமே விளங்கும். உபுண்டுவின் ஆங்கிலச் சமூக விக்கியில் இதே அளவு பழைய பக்கங்கள் ஏராளம். ஆனால் அங்கே வயதைக் கண்டுபிடிக்க வரலாற்றுப் பக்கம் வரை போக வேண்டியிருக்கும்.

கட்டளை வரிக்குப் பழகாத ஆசிரியருக்கு இதுவே சிறந்தது. படிப்படியாகச் சொல்கிறது, சாளர வழியையும் காட்டுகிறது. தரம் மட்டும் சீராக இல்லை. எல்லோரும் தேடும் பக்கங்கள் புதிதாக இருக்கின்றன. அரிதான வன்பொருள் பற்றியவை நிறுத்திய இடத்திலேயே நிற்கின்றன. இன்னொன்று: இதைப் பார்த்து டெபியனில் வேலை செய்யாதீர்கள். பிபிஏ எனப்படும் உபுண்டு மென்பொருள் களஞ்சியங்களை டெபியனில் சேர்த்தால், சார்புப் பொதிகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டு, அடுத்த மேம்படுத்தலில் கணினி பாதியில் நிற்கும். டெபியன் விக்கி இதை வெளிப்படையாகவே எச்சரிக்கிறது.

கேள்வி-பதில் களஞ்சியங்கள்

ஆஸ்க் உபுண்டு, ஸ்டாக் ஓவர்ஃப்ளோ போன்றவற்றின் நம்பகத்தைப் பற்றி நல்ல ஆய்வுகள் உண்டு. 2016இல் 54 ஆண்ட்ராய்டு நிரலாளர்களைக் கொண்டு நடந்த ஆய்வில், ஸ்டாக் ஓவர்ஃப்ளோவை மட்டும் பார்த்து எழுதியவர்களின் நிரல் பாதுகாப்பில் பின்தங்கியது. அதிகாரபூர்வ ஆவணத்தை மட்டும் பார்த்தவர்களின் நிரலோ வேலையை முடிப்பதில் பின்தங்கியது. 2017இல் 13 லட்சம் ஆண்ட்ராய்டு செயலிகளை ஆராய்ந்தவர்கள், அவற்றில் 15.4 விழுக்காட்டில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலிருந்து எடுத்த பாதுகாப்பு தொடர்பான நிரல்துண்டுகளைக் கண்டார்கள். அந்தச் செயலிகளில் 97.9 விழுக்காட்டில் பாதுகாப்பற்ற துண்டு ஒன்றாவது இருந்தது. ஓடுவது வேறு, சரியாக இருப்பது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கணினி அறையில் இது எப்படித் தலைகாட்டும்? மாணவர்கள் எல்லோரும் எழுதக்கூடிய ஒரு பொது அடைவு வேண்டும். 'அனுமதி இல்லை' என்ற செய்தி வருகிறது. தேடினால், 777 என்று அனுமதியை மாற்று என்ற பதில் மேலே நிற்கும். மாற்றினால் செய்தி மறைந்துவிடும். கூடவே, கணினியில் உள்ள எந்தக் கணக்கும், எந்தச் சேவையும் அந்த அடைவில் எதையும் அழிக்கலாம், மாற்றலாம் என்ற நிலையும் வந்துவிடும். சரியான வழி, ஒரு குழுவை உருவாக்கி, மாணவர்களை அதில் சேர்த்து, அடைவை அந்தக் குழுவுக்கு உரியதாக்கி, அனுமதியை 2775 என்று வைப்பது. முன்னால் உள்ள 2, உள்ளே உருவாகும் கோப்புகளும் அதே குழுவுக்குப் போகும்படி செய்கிறது. இத்தோடு நிறுத்தும் பதில்களும் பாதிப் பதில்களே. புதிய கோப்பின் தொடக்க அனுமதியைத் தீர்மானிக்கும் யூமாஸ்க் 022 என்று இருந்தால், அந்தக் கோப்பைக் குழுவினர் படிக்கலாம், திருத்த முடியாது. அடைவுக்கு இயல்பு அணுக்கப் பட்டியல் ஒன்றை செட்ஃபேக்ல் கட்டளையால் வைத்து, குழுவுக்கு எழுதும் உரிமை கொடுத்தால்தான் வேலை முடியும். 777 பதிலுக்கு வாக்கு அதிகம் விழக் காரணம், அது உடனே பலிப்பது. கெடுதல் பல வாரம் கழித்து வரும்போது யாரும் திரும்பிப் போய் வாக்கை மாற்றுவதில்லை.

வாக்குகளுக்கு இன்னொரு குறையும் உண்டு: அவை காலத்தோடு சேரும். 2012இன் பதில் பல ஆண்டு வாக்குகளோடு மேலே இருக்க, சென்ற ஆண்டின் சரியான பதில் அடியில் கிடக்கும். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, 'ஏற்கப்பட்ட பதில்' எப்போதும் உச்சியில் நிற்கும் வழக்கத்தை 2021இல் கைவிட்டதும் இந்தச் சிக்கலால்தான். வெளி மென்பொருள் களஞ்சியத்தின் நம்பகத்தை உறுதிசெய்யும் சாவியை 'ஏபிடி-கீ' கட்டளையால் சேர் என்று சொல்லும் பதில்கள் இந்த வகை. அப்படிச் சேர்த்த சாவியை, பொதிகளை நிறுவும் ஏபிடி எல்லாக் களஞ்சியங்களுக்கும் நம்பிவிடும் என்பதால் அந்தக் கட்டளையே கைவிடப்பட்டது. இப்போது சாவியைத் தனிக் கோப்பாக வைத்து, எந்தக் களஞ்சியத்துக்கு உரியது என்று அந்தக் களஞ்சியத்தின் வரியிலேயே குறிக்க வேண்டும்.

பிழைச்செய்தியை அப்படியே இட்டுத் தேடுவதற்கு இந்தக் களஞ்சியங்களுக்கு ஈடில்லை. அங்கிருந்து கிடைக்கும் கட்டளையை ஒரு துப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு, மேன் பக்கத்தில் ஒவ்வொரு விருப்பத்தையும் பார்த்துவிட்டு ஓட்டுங்கள். ஆர்சிங்க் காப்புப் பிரதிக் கட்டளையில் மூல அடைவின் பெயருக்குப் பின்னால் ஒரு சாய்கோடு இருந்தால் உள்ளடக்கம் மட்டும் போகும். இல்லாவிட்டால் அடைவே போகும். கூடவே 'டிலீட்' விருப்பமும் இருந்து, அந்தச் சாய்கோடு தவறுதலாகச் சேர்ந்துவிட்டால், சேருமிடத்தில் இருந்த மற்றப் பாடக் கோப்புகள் அழிந்துபோகும். மேன் பக்கம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஒற்றை வரிப் பதில்கள் சொல்வதில்லை. 'ட்ரை-ரன்' விருப்பத்தோடு ஒரு முறை ஓட்டினால், எது போகும் எது அழியும் என்று முன்கூட்டியே பட்டியல் வந்துவிடும்.

தமிழில் உள்ளவை பற்றி ஒரு சொல். 2012 முதல் வெளிவரும் கணியம் இதழும் அதைச் சுற்றியுள்ள கட்டற்ற உரிமப் படைப்புகளும் வகுப்பில் பாடம் நடத்த அருமையானவை. கோப்பு என்றால் என்ன, அனுமதி என்றால் என்ன என்பது பதிப்போடு மாறுவதில்லை. நிறுவும் கட்டளைகளுக்கு மட்டும் கட்டுரையின் தேதியைப் பாருங்கள்.

ஒரே வேலையை வைத்துச் சோதிப்பது

எந்த ஆவணத்தை நம்புவது என்று குழுவாக முடிவெடுக்கும்போது, நமக்குத் தேவையான ஒரே வேலையை எல்லாவற்றிலும் தேடிப் பாருங்கள். தமிழ்99 தட்டச்சு அதற்கு நல்ல உரைகல். 'ஸ்கிம்' என்ற பழைய உள்ளீட்டுக் கருவியை நிறுவு என்று தொடங்கும் பக்கத்தை உடனே மூடிவிடலாம். உபுண்டு 2009இன் 9.10 வெளியீட்டிலேயே ஐபஸுக்கு மாறிவிட்டது. 'செட்எக்ஸ்கேபிமேப்' கட்டளையைத் தொடக்க நிரலில் எழுதச் சொல்லும் பக்கம், எக்ஸ்11 என்ற பழைய திரை அமைப்பின் காலத்தது. அதற்குப் பின் வந்த வேலண்ட் அமர்வில் அது பலிக்காது. டெபியன் 10, உபுண்டு 21.04 முதல் க்னோம் பணிமேடையின் இயல்பு அமர்வு வேலண்ட்தான். நல்ல பக்கம் 'ஐபஸ்-எம்17என்' பொதியை நிறுவச் சொல்லும், வெளியேறி மீண்டும் நுழையச் சொல்லும், பிறகு அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதியின் உள்ளீட்டு மூலங்களில் தமிழ்99ஐச் சேர்க்கச் சொல்லும். மீண்டும் நுழையச் சொல்லாத பக்கத்தைப் பின்பற்றியவர்கள், பட்டியலில் தமிழ்99 இல்லையே என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

மிகச் சிறந்த பக்கம் இன்னும் ஒன்றைச் சொல்லும். அதே பட்டியலில் எம்17என் குறிப்பு இல்லாத தமிழ் விசைப்பலகைகளும் இருக்கும். அவை விசைக்கு ஒரு குறி என்ற முறையில் இயங்குபவை. ஒரே மெய்விசையை இருமுறை அழுத்தினால் முதலாவதற்குப் புள்ளி தானாக வரும் தமிழ்99 விதி அவற்றில் நடக்காது. 'க' விசையை இருமுறை தட்டி 'க்க' வருகிறதா என்று பாருங்கள் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தால், எழுதியவர் உண்மையிலேயே செய்து பார்த்தவர் என்று நம்பலாம். முடிவில் என்ன தெரியவேண்டும் என்று சொல்லும் பக்கமும், செய்ததைத் திரும்பப் பெறும் வழி சொல்லும் பக்கமும் எப்போதும் மேல். கடைசியாகத் திருத்திய தேதியை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். ஓர் எழுத்துப்பிழைத் திருத்தமும் அந்தத் தேதியைப் புதிதாக்கிவிடும். வரலாற்றில், நமக்கு வேண்டிய பகுதி எப்போது மாறியது என்று பாருங்கள்.

எதைத் தேர்வது

கட்டளை வரிக்கு அஞ்சாத ஒருவராவது அறைக்குக் கிடைத்தால் டெபியன், பிரெஞ்சு மேன் பக்கங்களோடு. காரணம் கேட்க ஆர்ச் விக்கி துணை. வெளியீடுகளுக்கு இடையே சுமார் இரண்டு ஆண்டு அமைதி இருப்பதால், ஒருமுறை சரிபார்த்த குறிப்பு நீண்ட நாள் செல்லும். அப்படி ஒருவர் இல்லை, ஆசிரியர்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றால், உபுண்டுவின் நீண்டகால ஆதரவு வெளியீடும் பிரெஞ்சு உபுண்டு விக்கியும். இரண்டையும் கலந்து, பாதிக் கணினியில் இது, பாதியில் அது என்று வைப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். எந்தப் பக்கம் எந்தக் கணினிக்கு என்ற குழப்பத்திலேயே தன்னார்வலர்கள் விலகிவிடுவார்கள்.

எதைத் தேர்ந்தாலும் ஒரு படி உள்ளூரில் இருக்கட்டும். நவம்பர் முதல் மே வரை சூறாவளிக் காலம். இணையம் இல்லாத நாள்கள் வரும். விக்கிகளும் மறையக்கூடியவை: ஜென்டூ என்ற லினக்ஸின் பயனர்கள் நடத்திய அதிகாரபூர்வமற்ற விக்கி ஒன்று, 2008 அக்டோபரில் முறையான காப்புப் பிரதி இல்லாமல் உள்ளடக்கத்தை இழந்தது. ஆர்ச் விக்கி, ஆஸ்க் உபுண்டு இரண்டும், இணையம் இல்லாமல் படிக்க உதவும் கிவிக்ஸ் வடிவில் கிடைக்கின்றன. அறையின் ஒரு கணினியில் 'கிவிக்ஸ்-டூல்ஸ்' பொதியை நிறுவி, அந்த வடிவில் பதிவிறக்கிய ஸிம் கோப்பை 'கிவிக்ஸ்-செர்வ்' கட்டளையால் 8080 என்ற முனையில் வழங்கினால், மற்றக் கணினிகள் உலாவியில் அதைப் படிக்கும். டெபியனில் 'டெபியன்-ரெஃபரன்ஸ்' பொதியையும் போட்டுவிடுங்கள்; பிரெஞ்சிலும் உண்டு. ஸிம் கோப்பின் தேதியை அதன் பெயரிலேயே விட்டுவையுங்கள். இயங்குதளத்தை அடுத்த வெளியீட்டுக்கு உயர்த்தும் நாளில் பழைய ஸிம் கோப்பை எடுத்துவிட்டுப் புதியதை இறக்குங்கள்.

அறைக்கென்று எழுதும் குறிப்பேட்டில், செய்த வேலை, தேதி, இயங்குதளத்தின் பதிப்பு எண், பொதியின் பதிப்பு எண், பார்த்த பக்கம், அதில் பொருந்தாமல் போன வரி என்று ஆறும் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் மற்றவர்களுக்குப் பெரிதும் பயன்படும். பிரெஞ்சு உபுண்டு விக்கியிலோ ஆர்ச் விக்கியிலோ கணக்குத் தொடங்கி, அந்த வரியை நீங்களே திருத்தலாம். திருத்தச் சுருக்கத்தில் எந்தப் பதிப்பில் சோதித்தீர்கள் என்று எழுதுங்கள். ஆர்ச் விக்கியில் ஆர்ச்சில் சோதித்ததை மட்டுமே எழுத வேண்டும். டெபியனுக்கான வேறுபாட்டை டெபியன் விக்கியில் சேருங்கள். மேன் பக்கத்தில் பிழை கண்டால் 'ரிப்போர்ட்பக்' கட்டளை அந்தப் பொதியின் பெயரில் பிழையறிக்கை தயாரித்துத் தரும். பதிப்பு எண்ணை அதுவே நிரப்பிக்கொள்ளும். தவறான வாக்கியத்தையும் அது எப்படி இருக்க வேண்டும் என்பதையும் நீங்கள் எழுதினால் போதும்.